போதும்பொண்ணும் ஒரு காலர் மைக்கும்

என் பெயர் போதும்பொண்ணு. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், அடுத்தது ஆணாகட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். நான் நான்காவது. எனக்குப் பின் தம்பி பிறந்து தொலைத்ததால், இது ராசியான பெயர் என்று சொந்தத்தில் முடிவாகிவிட்டது. பள்ளியில் புதிதாக வந்த ஒவ்வொரு டீச்சரும் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தனாவது பொண்ணும்மா நீ?" என்று கேட்டபோது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, பெரியப்பா மகனுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து, என் பெயரையே வைக்கப் பெரியப்பா முடிவு செய்தபோது எனக்குக் கொதித்தது. முறைப்படி அத்தைதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். அத்தை நான்தான். அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன் (உலகத்தைத் திருத்தும் வயசு). காதோடு வேறு பெயரைச் சொல்லிவிடுவது, பந்தி முடிந்தபின் அறிவிப்பது என்று திட்டம் போட்டேன்.

ஒத்தக்கடை மண்டபத்தில் விழா. வரவேற்புரையும் நானே பேசுவேன் என்று அடம்பிடித்து, வீடியோக்காரர் கொடுத்த காலர் மைக்கைச் சேலையில் குத்திக்கொண்டு பேசி, கைத்தட்டலும் வாங்கினேன். அந்த மிதப்பில் மைக்கைக் கழற்ற மறந்துபோனேன்.

குழந்தையை மடியில் வாங்கி, வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு அதன் காதில் சொன்னேன்: "ஒங்க தாத்தா ஒரு கூமுட்ட. அவரு சொல்றதக் கேக்காத. ஒம் பேரு நிறைமதி." பெயரை மட்டும் மூன்று தடவை.

நிமிர்ந்தால் மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அம்மாவிடம் மெதுவாக, "பெரியப்பாவுக்குக் கேட்டுருச்சோ?" என்றேன். அதுவும் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது.

பெரியப்பா பட்டு வேட்டியோடு எழுந்து வந்தார். குழந்தையைப் பெற்ற மதினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பது அந்தப் பிடியில்தான் தெரிந்தது. நான் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"மூணு தடவையும் சொல்லிட்டயா?" என்றார் பெரியப்பா.

"சொல்லிட்டேன் பெரியப்பா."

அவர் எதை விட்டாலும் முறையை விடமாட்டார். காதில் சொன்ன பெயரை மாற்றக்கூடாது என்பதும் முறைதான். "பெறகென்ன, பந்தியப் போடுங்க" என்று திரும்பிப் போய்விட்டார். அதன்பின் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை.

நிறைமதி இப்போது ஆறாம் வகுப்பு. அவள் வாயில்லாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிட முடியாது. போன மாதம் பள்ளியில், பெயர் வந்த கதையை எழுதி வரச் சொன்னார்களாம். 'எங்கள் தாத்தா ஒரு கூமுட்டை' என்று முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் 'மிக நன்று' போட்டிருக்கிறார்.

அந்த நோட்டைப் பெரியப்பா கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற ஆளுக்கெல்லாம் அவரே வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.