சினிமாவைத் திருடப் போன மத்தியானம்

வாழ்க்கையில் ஒரே ஒரு திருட்டு செய்திருக்கிறேன். தேங்காயோ கோழியோ அல்ல, ஒரு முழு சினிமா. (முழுசு என்பது ஆசை. அரை வசனம்கூடக் கிடைக்கவில்லை.)

கல்யாணமான ஐந்தாம் மாதம் என் வீட்டுக்காரர் தாசன் கல்ஃபுக்குப் போனார். அமரவிளையில், குடியிருந்தவர்களுக்கே நிலம் தந்த குடிகிடப்புச் சட்டத்தில் கிடைத்த பத்து சென்ட் நிலம், அதில் ஓலை வீடு. "மேல கான்கிரீட் போட்ட பொறவு வந்தா போதும்" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவார். எல்லா கல்ஃப் வீடுகளையும்போல முதல் பக்கம் குடும்பத்துக்கு, மறுபக்கம் பெண்டாட்டிக்கு. முதல் பக்கத்தை அயல்வீட்டார் எல்லோரும் கூடிக் கேட்பார்கள். மறுபக்கத்தை நான் போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்பேன். அவருக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கும்தான். அதை மாமியாரிடம் சொல்லும் தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. நான் சொன்னால் மகனைக் கெடுத்தவள் என்ற பெயர் வேறு வரும்.

அந்த முறை முதல் பக்கத்தில் ஒரு கோரிக்கை. "இங்க சினிமா இல்ல. ஒரு படத்துக்க சத்தத்தையாவது இதுல பிடிச்சு அனுப்புங்க. கேம்ப்ல பன்னிரண்டு பேரு காத்துட்டு இருக்கோம்."

என்னைவிட மாமியாருக்கு உற்சாகம். பாறசாலைக் கொட்டகை, மத்தியானக் காட்சி. துணிப்பையில் அதே கேசட் போட்ட டேப் ரிக்கார்டர், மேலே ஒரு துண்டு. "ஆராவது கேட்டா சோத்துப் பாத்திரம்னு சொல்லு" என்றார்.

திரையில் கதாநாயகியின் அப்பா சாகக் கிடந்தார். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. இதுதான் சமயம் என்று பைக்குள் கையை விட்டேன். பதிய வேண்டுமானால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். நான் ஒன்றை அழுத்தினேன். கேசட்டையும் பக்கம் மாற்றிப் போட்டிருந்தேன். நன்றாகப் பதியட்டும் என்று சத்தத்தை முழுக்கத் திருகியும் வைத்திருந்தேன். (புத்திசாலி.) பைக்குள்ளிருந்து தாசனின் மறுபக்கம் கொட்டகை முழுக்க முழங்கியது.

"எடி ரோசி, அம்மைக்கிட்ட சொல்லாண்டாம். சூப்பர்வைசர்னு சொன்னது பொய்யாக்கும். சிமெண்டு சொமக்கேன். ஒனக்க மடியில தல வச்சு அழணும்போல உண்டு. வாறேன்னு சொன்னா அம்ம ஒடஞ்சு போவும்."

துண்டுக்கடியில் நிறுத்தும் பொத்தான் அகப்படவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிவிட்டார்கள். "அணைக்காத, அந்தப் பையன் பேசட்டு" என்றாள் ஒருத்தி. மாமியார் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

டார்ச்சுடன் வந்த மேனேஜர் எங்களைத் தன் அறைக்குக் கொண்டுபோனார். "படத்தக் களவாண்டா போலீசாக்கும், தெரியுமா?"

"கூப்பிடும் மக்கா" என்றார் மாமியார். "அதுக்கு மின்ன, இதுல எப்பிடிப் பேசணும்னு காட்டித் தாரும்."

மேனேஜர் திகைத்துப்போய் இரண்டு பொத்தானையும் அழுத்தினார்.

"எலே தாசா, நான் பொறந்ததே ஓலை வீட்டுலயாக்கும். இன்னும் கெடப்பேன். கான்கிரீட்டு கெடக்கட்டு. நீ பிளேன்ல கேறி வா மக்கா."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். மேனேஜர் பெட்டியருகே குனிந்தார். "தம்பி, அம்ம சொல்லியதக் கேளும்." போலீஸ் பேச்சு அத்தோடு போயிற்று.

மூன்றாம் மாதம் தாசன் வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை பாறசாலைச் சந்தையில், "நெத்திலி உண்டா?" என்றுதான் கேட்டார். அவரை அதுவரை பார்த்தேயிராத மீன்காரி, குரலைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள். "ஓ, தாசனா? அழாண்டாம் மக்கா. வந்தாச்சுல்லா."

சந்தையே சிரித்தது. இப்போது எங்கள் வீட்டில் அவர் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் போதும். பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து, அவர் முதுகைத் தடவி, "அழாண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.