கரி பஸ்ஸும் வெள்ளைச் சட்டையும்

தென்காசிச் சீமையில் அந்த நாளில் வெள்ளை என்று சொல்லத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு சட்டை. அதைப் போட்டிருந்த மனிதர் ஓட்டியதோ கரி பஸ்!

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கரி பஸ்ஸைக் கண்டிருக்க மாட்டார்கள். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு தகர அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, கிளீனர் காற்றாடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகு வண்டி ஒரு இருமல் இருமும். மேடு வந்தால் அதுவும் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். செங்கோட்டை போய்ச் சேரும்போது எல்லாரும் ஒரே நிறம், டிரைவரைத் தவிர.

'வெள்ளைச்சட்டை அண்ணாச்சி' என்றால் குற்றாலத்துக் குரங்குக்குக்கூடத் தெரியும். விடியுமுன் அருவியில் குளியல். நீலம் முக்கி, கஞ்சி போட்டு, மொடமொடவென்று தேய்த்த சட்டை. ஒருநாள் ஒரு கரித்துகள் அவர் சட்டைக்கையில் வந்து உட்கார்ந்தது. பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டார்.

"ஒருத்தரும் மூச்சு விடப்படாது! நான் ஊதுதேன்."

பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. துகள் பறந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. தப்பித்தவறி யாராவது அவர் தோளைத் தொட்டால் தீர்ந்தது. "டிக்கெட் எடுத்தது பஸ்ஸுக்குத்தாம்வே, எனக்கில்லே!"

இலத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மகா சுத்தக்காரர். முந்தி வந்த பையனை, நகக்கண்ணில் அழுக்கு என்று காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டவர். பெண்ணையோ நான் ஐந்தருவியில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டேன். அவள் இல்லாவிட்டால் சன்னியாசம்தான் என்று முடிவும் பண்ணிவிட்டேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெரியப்பாவோடு பஸ் ஏறினேன். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது.

"ஏலே, நீ எறங்காத!" என்றார் பெரியப்பா.

நல்ல நேரம் ஓடியது, வண்டி ஓடவில்லை. பொறுக்காமல் நானும் இறங்கி அடுப்புப் பக்கமாகத் தோள் கொடுத்தேன். அடுப்பு புஸ்ஸென்று என்மேல் துப்பியது. வேட்டி எப்படியோ தப்பியது. முகத்தை வாய்க்காலில் கழுவிக்கொண்டேன். சட்டையிலோ கழுவக் கழுவக் கரி பரவியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணாச்சி சீட்டிலிருந்து இறங்கினார். வழியில் அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"யார் வீட்டுக்குலே பொண்ணு பாக்கப் போற?"

சொன்னேன்.

"அந்த மனுசனா! வெளங்குனாப்லதான்," என்றவர், பித்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, வேண்டாம்..."

"கையத் தூக்குலே! ஐயையோ, காலரைத் தொடாத!"

வெற்று மார்போடு அவர் செங்கோட்டைக்கு ஓட்டிப் போனார். அங்கே கடைத்தெருவில், "வெள்ளைச்சட்டை அண்ணாச்சிக்கு இன்னைக்கு லீவா?" என்று அவரிடமே விசாரித்தார்களாம்.

இலத்தூரில் பெண்ணின் அப்பா என் காலரைப் புரட்டியே பார்த்துவிட்டார். அப்புறம், "தம்பிக்கு இன்னொரு காப்பி!" என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி வாங்கவில்லை. "மாப்ளை போட்ட சட்டைய நான் போடலாமாலே? நீயே வச்சுக்க. கரி படாமப் பாத்துக்க."

"ஒங்க மூஞ்சிய எவ பாத்தா? அந்தச் சட்டையப் பாத்துல்லா தலையாட்டுனேன்!" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். என் சட்டைகளையெல்லாம் வெளுக்கப் போடுபவள், அதை மட்டும் தன் கையால் நீலம் முக்கிக் காயப்போடுகிறாள். எனக்குப் பொறாமையே இல்லை. பக்கத்தில் போய் நிற்பேன். ஒரு தூசி கண்ணில் பட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிவிடுவேன்.