ஆறாவது ஏன்

உலகத்தில் எந்தத் தப்பையும் எந்த மனிதனும் செய்ததில்லை என்று நம்பிய ஒரே தர ஆய்வாளரை, ஒரகடத்தில் என் பிரிவுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் ஊர் வடக்குப்பட்டு. சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கே தெரியாது. 'ஆறாவது ஏன்' என்றால் கேண்டீன் வரை தெரியும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் பழுதானால் படிவத்தில் ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுத வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் குற்றவாளி அகப்பட்டுவிடுவார். இவர் கட்டம் தீர்ந்தபின்னும் காகிதம் ஒட்டித் தொடர்வார். போல்ட் ஏன் தளர்ந்தது? முடுக்கிய தூத்துக்குடிப் பையன் தூங்கி வழிந்தான். ஏன்? விடுதியில் மின்விசிறி ஓடவில்லை. ஏன்? கரண்ட் இல்லை. ஏன்? மழை. ஏன்? வங்கக் கடலில் தாழ்வு நிலை. அது ஏன் என்று ஆறாவதற்குப் போவார்.

"கடலுக்கு மெமோ குடுங்க சார். அந்தத் தூத்துக்குடிக்காரன் இன்னா பண்ணுவான், பாவம்?"

கேண்டீனில் டீயா காபியா என்று கேட்டால், அது எப்போதோ முடிவாகிவிட்டது, நான் யார் சொல்ல என்று நிற்பார். வரிசையில் பின்னாலிருந்து குரல் வரும்: "யோவ், முடிவானத வாங்கிகினு நகருய்யா."

அவர் இருந்த லைனில் ஒருவரையும் தண்டிக்க முடிந்ததில்லை.

ஒரு மாதக் கடைசியில், வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லோடு திரும்பி வந்தது. ஆய்வு முடியுமுன் அதை அனுப்பச் சொன்னவன் நான். அவர் வேண்டாமென்று தடுத்தும் பார்த்தார். மேலிடம் ஒரு பெயர் கேட்டது. ஐந்தாவது கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று.

அடையாள அட்டையைத் திருப்பித் தர வந்தவரிடம், எனக்கு வேறு வழியில்லை என்றேன்.

"தெரியும் சார். உங்கள மேல இருக்கறவங்க நெருக்குனாங்க, அவங்கள கஸ்டமர் நெருக்குனான். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

எல்லோரையும் விடுவித்தது போல என்னையும் விடுவித்துவிட்டுப் போனார். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் என் பெயரும் தாராளமாக அடங்கியிருக்கும்.

ஓய்வுபெற்றுப் படப்பையில் இருக்கிறேன். அவர் இந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு என் பேரை எழுதியிருக்கலாம். நான் எழுதல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, ஏன் என்று கேட்கவில்லை.

"வுடுங்க சார். இன்னிக்கு என் வண்டியிலதான் ஏறணும்னு கீது, ஏறிக்கினீங்க."

அதற்குமுன் நான்கு வண்டிகளை விட்டுவிட்டு அவருக்காகவே நின்றிருந்ததை நான் சொல்லவில்லை.