ஒரு குண்டு முழங்க வரவேற்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். பத்து மணி என்றால் பன்னிரண்டு. அந்த நம்பிக்கையில்தான் அன்று காலை நான் நைட்டியும் ஸ்பேனருமாக, சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பயப்பட வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. எங்கள் மக்காச்சோளத்தை மேய வரும் காட்டுப்பன்றிகளைச் சத்தம் போட்டு விரட்ட அப்பா வைத்திருந்தது. குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் பழைய ரகம். பின்பக்கம் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதன் தலையில் மாட்டிய பொட்டுவெடி மாதிரியான கேப்பை, குதிரை என்கிற சுத்தியல் அடித்தால், நெருப்பு நிப்பிளின் ஊசித்துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். (இந்தத் தெளிவு அன்றைக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

முந்தின வாரம் அந்தத் துளை அடைத்துக்கொண்டது. அப்பா அடித்தபோது கேப் மட்டும் 'டப்' என்றது, துப்பாக்கி வெடிக்கவில்லை. பன்றிகள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போயின. அப்பா மதுரைக்குப் போய்ப் புது நிப்பிளும் குதிரைக்கு ஸ்பிரிங்கும் வாங்கி வந்தார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. விடுவேனா?

"இன்னைக்கு வேணாந்தா. அவுக வர்ற நேரம்," என்றார் அப்பா.

"அவுக மெதுவாத்தான்ப்பா வருவாக. அஞ்சு நிமிச வேல."

பழைய நிப்பிள் துருவேறி அசைய மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, அப்பா கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனரில் தொங்காத குறை. ஒருவழியாகக் கழன்றது. அடுத்து ஸ்பிரிங் துள்ளி அடுப்படிக்குள் ஓடியது. அம்மா அதைக் கரண்டியில் ஏந்தி வந்தாள். "சேல கட்டுறியா, இல்ல இதயே கழுத்துல கட்டிக்கிறியா?"

அவள் கோபம் நியாயமானது. 'பொண்ணு ஸ்பேனர் புடிக்குதாமே' என்று ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. இந்த உத்தமபாளையத்து மாப்பிள்ளையை எனக்கும் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. (அதை யாரிடமும் சொல்லவில்லை.)

புது நிப்பிள் வெண்ணெய் மாதிரி இறங்கியது. "கேப் மட்டும் போட்டுப் பாத்துர்றேன்ப்பா," என்றேன். அப்பா தலையாட்டினார். போன வாரம் வெடிக்காத மருந்து எங்கே போயிருக்கும் என்று அப்பாவும் யோசிக்கவில்லை, டிப்ளமோவும் யோசிக்கவில்லை.

குழலை வானத்துக்குக் காட்டிக் குதிரையை விட்டேன்.

மேற்கு மலை ஒருமுறை எனக்குப் பதில் சொன்னது. வீதியே புகை. பன்றியை விரட்டத்தானே என்று குண்டு போடாமல் மருந்தும் தேங்காய் நாரும் மட்டும் கெட்டித்திருந்தார் அப்பா, குலசாமி புண்ணியம். அந்த நார் புகைந்துகொண்டே வானத்திலிருந்து இறங்கி, அப்போதுதான் வாசலில் வந்து நின்ற வெள்ளைக் காரின் மேல் உட்கார்ந்தது.

"ஆத்தா! அவுக வந்துட்டாகத்தா!" என்றார் அப்பா, எனக்குத் தெரியாததுபோல.

காருக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தார் (மாப்பிள்ளையின் தாய்மாமா என்று பிறகு அறிமுகம் செய்துவைத்தார்கள்). மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டோடு சிலையாக நின்றார். மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். என் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். கரி அப்பிய முகத்தோடு நான் மட்டும் துப்பாக்கியைப் பிடித்தபடி. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் தலையில் சிதறி விழுந்த நார்த்துணுக்கைத் தட்டிவிட்டார். "மந்திரி வந்தாக்கூட இங்கன குண்டு போட்டு வரவேத்ததில்ல. நமக்குப் போட்டாக பாரு!" என்றார்.

காருக்கு அடியிலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது.

"கைய எறக்கலாமாங்க?" இது மாப்பிள்ளை என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எறக்குங்க. காலியாயிருச்சு." இது என்னுடையது.

அவர் பக்கத்தில் வந்து குனிந்து நிப்பிளைப் பார்த்தார். "நீங்களா மாட்டுனீக? நல்லாத்தான் வேல செய்யுது."

இப்போது நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் கேட் அருகே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் "உள்ள வாங்க" என்றால்தான் இறக்குவார்கள். போன மாதம் கொழுந்தனின் புது மனைவி முதல்முறையாக விருந்துக்கு வந்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. காரிலிருந்து இறங்கிய எல்லாரும் கையைத் தூக்கியதைப் பார்த்து, பட்டுச்சேலையும் ஹேண்ட்பேக்குமாகத் தானும் தூக்கினாள். "அத்த, இது நம்ம வீட்டு வழக்கமா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆமாத்தா," என்றார் என் மாமியார், கையை இறக்காமலே. "மூத்தவ சொல்லாம எறக்கிறாத."