இணைச்சீருக்கு நிமிராத முதுகு

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

கணபதி லேத் பட்டறையிலிருந்து அப்பா வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, கல்யாண மாப்பிள்ளையாகிய உன் தம்பி மிதுன், பட்டறை மெஷின்கள் எல்லோரும் சௌக்கியம். வான்கூவரில் உன் சௌக்கியத்தையும், குறிப்பாக உன் முதுகின் சௌக்கியத்தையும் அறிய விரும்புகிறோம். போனில் சொல்லலாம் என்றால், நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே எழுதுகிறேன். மிதுன் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பற்றியது. புது வேலை, லீவு கிடைக்காது, ஆனால் தம்பிக்கு அக்கா செய்ய வேண்டிய இணைச்சீரை நான்தான் செய்வேன், உடம்பெல்லாம் அசைவைப் பிடிக்கும் ட்ராக்கர் கருவி கட்டிக்கொண்டு விஆரில், பொம்மை உருவமாகத் திரையில் வருகிறேன் என்று நீ சொன்னபோது நானும் சரி என்றேன். மண்டபத்தில் பெரிய திரை உண்டு, அதில் நீ தெரிவாய், கூறைச் சேலையின் ஒரு முனையைத் தம்பி பிடிப்பான், உன் முனையைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் கட்டிவிடலாம் என்று ஸ்டாண்டுக்கு வெல்டிங்கே வைத்துவிட்டேன். சீர்களை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் சென்னிமலை அண்ணனைச் சம்மதிக்க வைத்து நம் வீட்டு டிவி முன்னால் உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீ வந்தாய். முகம் உன்னுடையதில்லை, ஏதோ பொம்மை முகம். ஆனால் நடை உன்னுடையதேதான். இடது காலைக் கொஞ்சம் வெளியே போட்டு நடப்பாயே, அதே நடை. "எம் புள்ள வந்துட்டா"ன்னு உன் அம்மா டிவியை ஒட்டிப் போய் நின்னுட்டா. நானும் எந்திரிச்சு அவ பின்னாலயே போயிட்டேன், பொய் சொல்லலை. அருமைக்காரர் "உக்காரு அம்மணி"ன்னார். நீ உட்கார்ந்தாய். உட்கார்ந்த உடனே உன் முதுகு பின்பக்கமாக மடிந்து, தலை குதிகாலைத் தொட்டு, வயிறு மட்டும் மேலே நிற்க, அந்தக் கோலத்திலேயே சபைக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டாய் பார், உன் அத்தை அம்புஜம் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். அத்தை சும்மா இருந்தாளா? "யாரு கண்ணு பட்டுச்சோ"ன்னு உப்பும் மிளகாயும் எடுத்து டிவியைச் சுற்றிப் போட்டு அடுப்பில் கொட்ட, எல்லோருக்கும் இருமல். உன்னைச் சரிபார்க்கக் கண்ணை மூடும் விஆர் ஹெட்செட்டை மாட்டியிருந்த மிதுன் எங்கே தீப்பிடித்ததோ என்று ஓடிப்போய் ஃபிரிட்ஜில் முட்டிக்கொண்டான். மாப்பிள்ளை நெற்றியில் இப்போது எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருக்கிறது.

அருமைக்காரர் துண்டை உதறி எழுந்துவிட்டார். "ஏனுங்க வெள்ளியங்கிரி, இடுப்பொடிஞ்ச புள்ளைய வெச்சு நான் எப்படிங்க சீர் செய்யறது?"

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலைங்க. இடுப்புல கட்டுன ட்ராக்கர், உக்காந்தா சேலைக் கொசுவத்து மேல ஏறிக்குதுங்க. இடுப்பே அங்கதான் இருக்குதுன்னு மெஷின் நெனச்சு முதுக மடிக்குதுங்க" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மிதுன் சொன்னான்.

பாவாடை நாடாவில் இறுக்கிக் கட்டு என்று நான்தான் யோசனை சொன்னேன். கட்டினாய். இந்தத் தடவை முன்பக்கமாக மடிந்து முழங்காலுக்குள் தலை போய்விட்டது. பட்டறையில் ஷாஃப்ட் கால் நூல் அளவு வளைந்திருந்தாலும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிற கை இது, பெத்த மகள் முதுகை நிமிர்த்த முடியலையே. "சரி பண்ணிடறேன்ப்பா, ஒரு நிமிசம்ப்பா"ன்னு நீ மடிஞ்சபடியே சொன்னே. அழுதயா கண்ணு? பொம்மை முகம் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணும் தெரியலை. தலையைத் தடவிக் கொடுக்கலாம்னு கையை நீட்டிட்டேன். டிவி கண்ணாடிதான் சுட்டுச்சு.

ஆகவே நன்றாக யோசித்து முடிவெடுத்திருக்கிறேன். உன் பெரியப்பா மகள் வர்ஷினியும் மிதுனுக்கு உடன்பிறந்தவள் முறைதானே, அவளே இணைச்சீர் செய்யட்டும். அருமைக்காரருக்கும் பரம திருப்தியாகத்தான் இருக்கும். நீ லீவு கேட்டுப் புது இடத்தில் கெட்ட பெயர் வாங்காதே. இங்கே யாரும் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டோம். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, அது பித்தமாக இருக்கும்.

காரமடை ரங்கநாதர் உனக்கு நீண்ட ஆயுளும் நேரான முதுகும் அருளட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா

பின்குறிப்பு: வர்ஷினிகிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தை கேக்கலை கண்ணு. கேக்கவும் மாட்டேன். அருமைக்காரர்கிட்ட, "எம் மவ நேர்லயே வந்துருவாளுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். எந்த பிளேன்னு மட்டும் சொல்லு சாமி, பீளமேடு ஏர்போர்ட்டுல வந்து நிக்கறேன்.