அறுப்பின் பண்டிகையன்று நான் குடித்திருக்கவில்லை

பெருமதிப்பிற்குரிய எக்குவா அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பியும் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரும் சபைப் பாடகர் குழு நடத்துனருமான எபோ ஓட்டூ பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் இல்லாள் மான்சாவும் சுகம். டக்கோராடியில் தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நிற்க. அறுப்பின் பண்டிகையன்று நான் குடித்துவிட்டு ஆலயத்தில் விழுந்ததாக டக்கோராடி வரைக்கும் பேச்சு வந்திருக்கிறதாம். விழுந்தது உண்மை. குடித்தது பொய். பதினோரு வருஷமாகத் திங்கட்கிழமை காலைதோறும் பள்ளி வாசலில் நின்று வாத்தியார்களின் வாயை மோந்து பார்த்து உள்ளே விட்டவன் நான். என்னைப் பற்றி இப்படிப் பேச்சு வந்ததும் கடலோரச் சாராயக் கடைகளில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று தாங்களே யோசியுங்கள்.

வயிற்றில் கத்தி வைக்காதே என்று தாங்கள் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் நூற்றைம்பத்தொரு கிலோவும் சர்க்கரையும் சேர்ந்து, ஆபீசில் இரண்டு நாற்காலியும் உடைந்தபிறகு வேறு வழி தெரியவில்லை. அக்ராவில் என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிட்டார்கள். முதல் மாதம் பதினெட்டுக் கிலோ குறைந்தது, சர்க்கரை இறங்கியது, நானும் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டேன். நம்ம ஊரில் ஒருத்தன் இளைத்தால் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா அக்கா, மான்சாவின் மீன் கடைக்கு வந்தவர்களெல்லாம் மீன் வாங்கும் முன்னே அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். இரண்டாம் மாதம் வாந்தி ஆரம்பித்தது. கெங்கே மாவுருண்டையும் மீனும் போகட்டும், கஞ்சி நிற்கவில்லை, பிறகு தண்ணீரும் நிற்கவில்லை. தினமும் தின்னச் சொல்லிக் கொடுத்த வைட்டமின் மாத்திரை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. விழுங்கினால் வெளியே வந்தது, அதனால் விழுங்குவதை நிறுத்திவிட்டேன். மான்சாவிடம் சொல்லவில்லை. அக்ராவில் காட்டவேண்டிய நாள் பண்டிகை ஒத்திகையோடு மோதியது, அதையும் தள்ளிப்போட்டேன். இதற்கெல்லாம் நான்தான் காரணம், வேறு யாரையும் சொல்லமாட்டேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் பள்ளிக் கால அட்டவணையில் கோடெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரிஞ்சது. படியிறங்கும்போது கால் எங்கேயோ போச்சு. சோர்வுன்னு விட்டுட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குக் கையைத் தூக்கினா எதிர்ல நாப்பத்தெட்டுப் பேர். நம்ம குழுவுல இருபத்துநாலு பேர்தான். பண்டிகைக்கு நிறைய பேர் சேர்ந்திருக்காங்கன்னு எனக்குப் பெருமை வேற. பக்கத்துல நின்ன ஈஷூன் உபதேசியார்கிட்ட, "உங்க தம்பியும் வந்திருக்காரா?"ன்னு கேட்டேனாம். அவருக்குத் தம்பியே கிடையாது. திரும்பினேன், பீடத்துக்கு முன்னாடி குவிச்சிருந்த கருணைக்கிழங்கு, வாழைத்தார், காணிக்கைக் கோழி எல்லாத்துமேலயும் விழுந்தேன். உபதேசியார் குனிஞ்சு என் வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லேன்னார். நான் ரெண்டு தடவை சஸ்பெண்ட் பண்ண கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து, "வாடை வராத சரக்கும் இருக்குங்க ஐயா, நானே சொல்றேன்"னு சாட்சி குடுத்தார்.

இதுக்கப்புறம் நடந்ததெல்லாம் மான்சா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுல கிடத்திட்டு, தூங்கி எழுந்தாத் தெளிஞ்சிடும்னு சொல்லிட்டு எல்லாரும் விருந்துக்குப் போயிட்டாங்க. அவ மட்டும் என் கண்ணையே பார்த்துட்டிருந்தா. கருவிழி ரெண்டும் நிக்காம ஆடிட்டிருந்துதாம். அம்மா எங்கேன்னு கேட்டேனாம். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அப்புறம் இவளையே பார்த்து நீ யாருன்னு கேட்டேனாம். அவ மேற்கொண்டு ஒண்ணும் யோசிக்கல, மீன் வண்டியில ஐஸ் பெட்டிகளுக்கு நடுவுல என்னைப் படுக்கவெச்சு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டா.

அங்கே சின்ன வயசு டாக்டர். நாக்கு வறண்டிருக்கு, குளுக்கோஸ் ஏத்தினாச் சரியாயிடும்னு பாட்டிலைத் தொங்கவிட்டு என் கையில ஊசியும் குத்திட்டார். மான்சா அதுக்குள்ள அக்ரா ஆஸ்பத்திரி நர்ஸைப் போன்ல பிடிச்சிருந்தா. எத்தனை வாரமா வாந்தின்னு நர்ஸ் கேட்டா. அஞ்சு வாரம்னு இவ சொன்னா. மாத்திரை சாப்பிடுறாரான்னு கேட்டா. மான்சா என் கோட்டுப் பையில கைவிட்டு ரெண்டாம் மாசத்து டப்பாவை எடுத்தா, மேல ஒட்டின தாள்கூடக் கிழியல. அதைச் சொன்னதும் நர்ஸ் குரலே மாறிடுச்சாம்.

"குளுக்கோஸை ஏத்தவிடாதீங்க. முதல்ல வைட்டமின் பி-ஒண்ணை ஊசியாப் போடணும். போனை டாக்டர்கிட்ட குடுங்க."

டாக்டர் குழாயைத் திறக்கக் கைவெச்சுட்டார். மான்சா அந்தக் குழாயை மடக்கிக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சா. ஐஸோட மீன் பெட்டி தூக்குற கை அது.

"அம்மா, கையை எடுங்க."

"இதுல பேசிட்டு வாங்க, எடுக்கிறேன்."

டாக்டர் கோபமாத்தான் போனை வாங்கினாராம். கேட்டு முடிச்சதும் தானே மருந்து அறைக்கு ஓடினார். அங்கே ரெண்டே ரெண்டு ஊசி மருந்து இருந்தது. ரெண்டையும் போட்டுட்டு, மிச்சத்துக்கு அடுத்த ஊருக்கு ஆள் அனுப்பினாங்க. அந்த வைட்டமின் உடம்புல துளிகூட இல்லாதப்ப சர்க்கரைத் தண்ணியை முதல்ல ஏத்தினா மூளை அப்படியே முடங்கிடுமாம். மறுநாள் மத்தியானம் மான்சா ரெண்டு பேரா இல்லாம ஒருத்தியாத் தெரிஞ்சா. அவ்வளவு அழகா அவளை நான் பார்த்ததே இல்ல அக்கா.

பிறகு அக்ராவில் குழாய் விட்டு, இரைப்பையில் சுருங்கியிருந்த இடத்தைப் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். இப்போது கஞ்சி நிற்கிறது, நடையும் நேரானது. உபதேசியார் வந்து வருத்தம் தெரிவித்தார். அந்த ஒரு நாள் போக மற்றதெல்லாம் எனக்குப் பளிச்சென்று ஞாபகமிருக்கிறது. எனவே ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இருபத்துமூன்று நாள் கட்டிலில் கிடந்தேன். டக்கோராடி ஒன்றும் கடல் தாண்டி இல்லை. கூடப்பிறந்தவள் ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கலாம். வருத்தந்தான், கோபமில்லை.

அத்தானுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும் சொல்லவும். ஆண்டவர் தங்கள் வீட்டு அடுப்பையும் படுக்கையையும் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
எபோ ஓட்டூ

பி.கு.: அண்ணி, நான் மான்சா. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க பதினோரு நாள் அவர் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தது, கரண்டியால கஞ்சி ஊட்டினது, ஒண்ணுமே அவர் ஞாபகத்துல நிக்கல. போகப்போக வரலாம், வராமலும் போகலாம்ங்கிறார் டாக்டர். பதில் எழுதும்போது வந்தேன்னு சொல்லிக்காட்டாதீங்க, வரமுடியலேன்னு எழுதிடுங்க. இந்த மாசம் இதே விஷயத்துக்கு இது நாலாவது கடிதம். மத்த மூணையும் கிழிச்சுப் போட்டுட்டேன். இதை மட்டும் அனுப்புறேன், இதுலதான் என் பேரைச் சரியா எழுதியிருக்காரு.