மரநாயின் டெம்ப்ளேட்டும் முள்ளம்பன்றியின் நூறு சர்வரும்

ஒரு காட்டில், மழை மேகம் எட்டிப் பார்த்தே எட்டு மாதமாகியிருந்த சமயத்தில், சொந்தமாக ஒரு கிளவுட் வேண்டுமென்று சிங்கத்துக்கு ஆசை வந்தது. அடுத்த காட்டின் கிளவுடில் நம் ரகசியங்களை வைப்பதா என்ற ரோஷம்தான். குகைக்குள் நூறு சர்வர்கள் வந்து இறங்கின. குளத்தில் தண்ணீர் குடிக்க இனி அவைதான் டோக்கன் தரும்.

அவற்றைத் தயார் செய்ய இரண்டு பேர் வந்தார்கள்.

"ஒரு மெஷினை பக்காவா ரெடி பண்ணி டெம்ப்ளேட்டா வச்சுக்குவேன், மகாராஜா. மத்ததெல்லாம் அதோட நகல். பத்து நிமிஷ வேலை," என்றது மரநாய்.

"நகல்ல தப்பு இருந்தா நூறுலயும் இருக்குமே," என்றது முள்ளம்பன்றி. "என் மெஷினெல்லாம் வெறுமனே முழிச்சு, 'நான் யாரு, என்ன செய்யணும்'னு நெட்வொர்க்ல கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு, தனி வேலை சொல்லி எழுப்புவேன். என்ன, சாயங்காலம் ஆயிடும்."

"ஆளுக்கு அம்பது செஞ்சு காட்டுங்க. தோத்தவங்க எனக்குச் சாப்பாடு," என்றது சிங்கம்.

தணிக்கைக்கு நரி வந்தது. முள்ளம்பன்றியின் ஐம்பதில் ஒன்றின் கேபிளை எலி கடித்திருந்தது. அந்த அசட்டு முள்ளம்பன்றி அதை அறிக்கையில் எழுதியும் கொடுத்துவிட்டது. நரியின் படிவத்தில் இருந்ததோ ஒரே கேள்வி: 'எல்லாம் ஒரே மாதிரி உள்ளனவா?' மரநாய் ஜெயித்தது. நூறிலும் அதன் நகலே ஏறியது. குளம் திறந்த பிறகு விருந்து என்று முடிவாயிற்று.

குளம் திறந்தது. மரநாய் சோதித்துப் பார்த்தபோது அடித்த 'டோக்கன் எண் 1' டெம்ப்ளேட்டிலேயே தங்கிவிட்டது. முயலுக்கு எண் ஒன்று. மானுக்கு ஒன்று. யானைக்கும் ஒன்று. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. முயல் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தது. ஆனால் எல்லோரும் முதல் ஆளாக முட்டியதில், சிங்கத்தால் தண்ணீரில் நாக்கை நனைக்க முடியவில்லை.

மரநாய் லீவில் இருந்தது.

"நான் சரி பண்ணினா என்னை விட்டுடுவீங்களா, மகாராஜா?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"சத்தியமா," என்றது சிங்கம்.

சாயங்காலத்துக்குள் நூறு சர்வரும் நெட்வொர்க் வழியாகப் புதிதாக எழுந்தன. டோக்கன்கள் ஒன்று முதல் அறுநூறு வரை பிசகாமல் வந்தன.

அவ்வளவுதான், யானை பிளிறியது. "காலையில நான் ஒண்ணாம் நம்பர்! இப்ப நானூத்திப் பன்னெண்டா? யாரு மாத்தினது?"

காடே திரண்டது. முயல்தான் முதல் கல்லை எறிந்தது. சிங்கம் கூட்டத்தைப் பார்த்தது, முள்ளம்பன்றியைப் பார்த்தது, பிறகு முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டது. சத்தியம் செய்த வாய்தான் அது. எனக்கு இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் மரநாயின் டெம்ப்ளேட்டே மறுபடி ஏறியது. எல்லோரும் ஒன்றாம் நம்பராகச் சேறு குடித்தார்கள்.

நீதி: தப்பு ஒரு சர்வரில் இருந்தால் கோளாறு, நூறிலும் இருந்தால் மக்கள் நலத் திட்டம். அதில் கை வைக்காதே.